குஞ்சரம் பெத்த கண்ணே

வள்ளியம்மா செத்த அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு வந்த பெண்களை வாசலிலேயே மறித்து, வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாவு வீட்டில் இப்படிப் பேசலாமா என்று கேட்டார்கள். ஏன் பேசக்கூடாது? அவள் உயிரோடு கிடந்த ஐந்து நாளும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்கு, பிணத்தின் முன்னால் தலையை விரித்துப்போட்டு உட்கார மட்டும் யார் உரிமை கொடுத்தது?

நான் சீதாலெட்சுமி. கிள்ளான் ஊருக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். தோட்டத்தில் எனக்கு வாயாடி என்று பேர். இருக்கட்டும். நியாயத்தைக் கேட்கிறவள் வாயாடி என்றால் நான் வாயாடிதான்.

வள்ளியம்மா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுத்து வாசனை கிடையாது, ஆனால் பாட்டுக் கட்டுவாள். ஒரு மரத்தைக் கீறிவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கிற நேரத்தில் ஓர் அடி வரும். வாளியைத் தூக்கும்போது இன்னோர் அடி. கொட்டகைக்கு வந்து பாலை ஊற்றும்போது முழுப் பாட்டும் தயாராக இருக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் ஒருநாள் துரையின் நாய் கங்காணியின் வேட்டியைக் கவ்வி இழுத்துவிட்டது. அன்று சாயங்காலமே அவள் கட்டிவிட்டாள்:

துரை வளத்த நாயிக்குட்டி தோட்டம் சுத்தி வந்துச்சாம்
கங்காணியார் வேட்டியத்தான் கவ்விக்கிட்டு நின்னுச்சாம்
பிரட்டுக்குப் போன மச்சான் கோவணமாத் திரும்பினாராம்

மாரியம்மன் திருவிழாவில் நாங்கள் வட்டம் கட்டி இதற்குக் கும்மி அடித்தோம். கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. செமினிப் பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் கல்யாண வீடுகளில் அவள் பாட்டுத்தான்.

அந்த நல்ல பேர் போனது இன்னொரு பாட்டினால். கப்பலேறி வந்த இரண்டாம் வருஷமே அவள் புருஷனைக் காட்டுக்காய்ச்சல் படுக்கையில் போட்டது. அப்போது இங்கே காடு அழித்துக்கொண்டிருந்த காலம். ஆஸ்பத்திரி கிடையாது, மருந்து கொடுக்க ஒரு டிரசர் கிடையாது. அவன் ஆத்தா ஆத்தா என்று மூன்று நாள் அனத்தினான். கேட்டுப் பொறுக்க மாட்டாமல், அவன் ஆத்தாள் பேரையும் ஊர்க் கிணற்றையும் வைத்து ஒரு தாலாட்டுக் கட்டி, தலையை மடியில் போட்டுக்கொண்டு பாடினாளாம். இறுக மூடியிருந்த கை விரிந்து, தூங்குகிறவன்போலப் போய்விட்டானாம். இதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் சாகக் கிடக்கிறவர்கள் வீட்டிலிருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பித்தது. ஒப்பாரி வைக்க எந்தத் தோட்டத்திலும் ஆள் உண்டு. அக்கா ஒப்பாரி பாடவே மாட்டாள். அது இருக்கிறவர்கள் அழுவதற்கு, போகிறவர்களுக்குத் தாலாட்டுத்தான் வேண்டும் என்பாள். அந்த வீட்டுக்குப் போனவுடனேயும் பாட மாட்டாள். பாயோரம் உட்கார்ந்து கேட்பாள். உங்கள் அம்மா பேர் என்ன? எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள்? வாசலில் என்ன மரம் நின்றது? நம் ஆட்களுக்குத் தாயின் பேரை வாயால் சொல்லிப் பழக்கமே இல்லையே. அம்மா, ஆத்தா என்றே கூப்பிட்டு வளர்ந்தவர்கள். பெரியவர்கள் பேரைச் சொன்னால் மரியாதைக் குறைவு வேறு. அறுபது வயதுக் கிழவர்கூட அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டுக் கூரையைப் பார்ப்பார். பிறகு மெல்லச் சொல்லுவார், சொல்லும்போதே குரல் உடைந்துவிடும். அக்கா அதை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கட்டுவாள். ஒவ்வொருவருக்கும் தனிப் பாட்டு. ஒருவருக்குப் பாடியதை இன்னொருவருக்குப் பாடவே மாட்டாள். மூடின கை விரிந்தால் பாட்டுச் சரி, விரியாவிட்டால் இன்னும் கேட்கவேண்டியது பாக்கி இருக்கிறது என்பாள்.

இதற்கு இந்த ஜனங்கள் அவளுக்குச் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? வள்ளியம்மா முன்னால் வந்தால் எமன் பின்னால் வருவான் என்று கிளப்பிவிட்டார்கள். சாகப்போகிற வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டதும் இவர்கள்தான், அவள் வந்ததால்தான் சாவு வந்தது என்றதும் இவர்கள்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவள் குழாயடிக்கு வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடுவார்கள். கல்யாணத்துக்கு எங்கள் வரிசை வீடுகள், லயம் முழுக்க வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போகிறவர்கள் அவள் கதவை மட்டும் தாண்டிப் போவார்கள். ஆனால் அந்தக் கல்யாணத்தில் அடிக்கிற கும்மி யார் கட்டியது? அவள் கட்டியதுதான். அவள் தன் வீட்டுக்குள் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெட்கம் கெட்டவர்கள்.

ஒரு தடவை கோலாலம்பூரிலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்திலிருந்து ஆள் வந்தது. ரயிலுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஒருவர் மூச்சு முட்டிக் கிடந்தார். துணைக்கு நான் போனேன். அக்கா இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பாடினாள். அந்த மனிதர் ஒரு தகராறும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து எங்களுக்குச் சோறு போட்டது எங்கே? வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில். முன்வாசல் வழியாக நாங்கள் வெளியேறினால் குடும்பத்துக்கு ஆகாதாம். இலையை அப்படியே தூக்கி எறிய எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, சோறு என்ன பாவம் செய்தது என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் பங்கைச் சாப்பிட்டாள். நான் என் இலையை மூடி வைத்தேன்.

இவ்வளவு பேசுகிற நான் மட்டும் யோக்கியமா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் புருஷன் அய்யாவு கப்பலில் பிறந்தவர். பிறந்த மறுநாளே தாய் செத்துப்போக, உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். கூட வந்த யாரோ ஒருத்தி பால் கொடுத்துக் கரை சேர்த்தாள். அவளும் சீக்கிரமே போய்விட்டாள். கைக்குக் கை மாறி, தோட்டத்துக்குத் தோட்டம் மாறி வளர்ந்தவர் அவர். தாய் யார், எந்த ஊர், யாருக்கும் தெரியாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் ரத்தமாக இருமிக் கிடந்தபோது நான்தான் அக்காவைக் கூட்டிவந்தேன். அவள் வழக்கம்போல் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் கடல்ல பொறந்தவன். என்னைப் பாட முடியாது."

இரண்டு கையும் முட்டியாக மூடியிருந்தது. அக்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கே பாட்டு வரவில்லை போலிருக்கிறது என்று நான் பயந்துவிட்டேன். அப்புறம் பாடினாள்.

ஏரி மறுகால் போகும் கொழுஞ்சிப்பட்டி எல்லையிலே
இலுப்ப மரக் கிளையில ஏணை கட்டிப் போட்டிருக்கா
ஒத்தக்கொம்பு எருமப்பாலு சங்குலதான் வச்சிருக்கா
குஞ்சரம் பெத்த கண்ணே கூப்பிடுறா உங்காத்தா
கருக்கல்ல தடுமாறாம கைநீட்டிப் போ மகனே

குஞ்சரம் என்ற பேர் வந்ததும் அவர் திரும்பினார். எங்கம்மா பேர் குஞ்சரமா அக்கா என்று கேட்டார். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். முப்பது வயது ஆம்பளை, குழந்தை மாதிரி அந்தப் பேரை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கை விரிந்தது. அன்று சாயங்காலம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் அவள் வாசலில் போய் நின்று கத்தினேன். எனக்குக் கோபம் தாங்கவில்லை. சாகிற மனுஷனுக்கு இல்லாத அம்மாவைக் காட்டி ஏமாற்றினாயே, ஊர் பேர் எல்லாம் புளுகினாயே, போகிற இடத்தில் அவர் எந்தக் குஞ்சரத்தைத் தேடிக்கொண்டு அலைவார் என்று கேட்டேன். லயம் முழுக்கக் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இல்லாத ஊரை நான் பாட மாட்டேன், சீதா."

அதோடு மறுபடி அரிசியைப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். அது எந்த ஊர், குஞ்சரம் யார் என்று அப்போதாவது கேட்டேனா? கேட்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. பிறகு எப்படியோ பேச்சு ஒட்டிக்கொண்டது, பழையபடி அவளோடு துணைக்குப் போகவும் ஆரம்பித்தேன். அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

இந்த வருஷம் தைப்பூசம் கழிந்த மறுவாரம் ஒருநாள் காலையில் அக்கா பிரட்டுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்படியில் விழுந்து கிடக்கிறாள். வலது பக்கம் பூராவும் இழுத்துவிட்டது. வாய் கோணிப் பேச்சு நின்றுபோயிருந்தது. தோட்டத்து டிரசர் வாசலில் நின்றே எட்டிப் பார்த்து, இனி ஆண்டவன் விட்ட வழி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் கண்ணும் காதும் நன்றாக இருந்தன. நான் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. தூக்கம் இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் அனத்தல், விடாமல். நன்றாக இருந்த இடது கையை இறுக மூடிவைத்திருந்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன், விரலைப் பிரிக்க முடியவில்லை.

எத்தனை பேருடைய பாயோரம் அவளோடு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கா தெரியாது? அவளுக்கு ஒரு தாலாட்டு வேண்டும். யார் பாடுவது என்பது அப்புறம், முதலில் தாயின் பேர் வேண்டும். அக்காவின் அம்மா பேர் என்ன? யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒரே லயத்தில் சுவரோடு சுவராக இருந்தவள், ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டவள், எனக்கே தெரியவில்லை.

அவள் காதோரம் குனிந்து, அக்கா, உங்கம்மா பேரு என்ன என்று கேட்டேன். உதடு துடித்தது. ஊ, ஊ என்று ஒரு சத்தம் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. இந்த மண்ணுக்கு வந்து இருபத்தொன்பது வருஷம். அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் நான், அதுவும் பேச்சுப் போன பிறகு.

எழுந்து லயம் லயமாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் அவள் ஒரு சாவுக்காவது பாடியிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் ஊர்க்காரர் யாராவது உண்டா? கிடையாது. கூட்டிவந்த கங்காணி? அவர் செத்துப் பல வருஷம். சரி, தெரியாவிட்டால் போகட்டும், வந்து பக்கத்தில் உட்காருங்கள், பாடத் தெரிந்தவர்கள் இரண்டு அடி பாடுங்கள் என்று கெஞ்சினேன். ஒருத்தி எழுந்திருக்கவில்லை. பாடுகிறவளுக்கே பாடினால் சாவின் நிழல் பாடினவள் மேல் ஒட்டிக்கொள்ளுமாம். இதைச் சொன்னவளுடைய பாட்டனுக்கும் அப்பனுக்கும் அக்காதான் பாடினாள்.

தங்கமணி வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் நல்ல குரல் தங்கமணிக்குத்தான், திருவிழாவில் முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுக்கிறவள். அவள் மாமியாருக்கு அக்கா நாலு நாள் பாடியிருக்கிறாள். மகள் ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி, நான் வரக்கூடாது என்று தங்கமணி சொன்னாள். அதோடு விட்டாளா? யோசனை வேறு சொன்னாள்.

"எல்லாருக்கும் மாரியாத்தாதானே அம்மா. மாரியாயின்னு போட்டுப் பாடேன், அதுல என்ன இப்ப?"

எனக்கும் புத்தி மழுங்கித்தான் போயிருந்தது. வந்து மாரியாயி பேரைப் போட்டு ஏதோ நாலு அடி பாடினேன். என் குரல் தகரத்தில் ஆணியால் கீறினமாதிரி இருக்கும், அது வேறு. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை இன்னும் இறுகி, நகம் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கசிந்தது. கோயிலில் இருக்கிற அம்மாவைப் பொதுவாகக் கொண்டுவந்து நிறுத்தினால் போதுமென்றால், இவள் எதற்கு வீடு வீடாக உட்கார்ந்து பேர் கேட்டிருக்கப் போகிறாள்? அந்தப் பாட்டை நிறுத்தி, அவள் கையைத் துடைத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கிராணி முத்துக்குமாரு யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்தின் எழுத்து வேலையெல்லாம் அவர் கையில். கப்பலில் வந்த ஒவ்வோர் ஆளின் விவரமும் அவர் அலமாரியில் ஒரு பழைய புத்தகத்தில் இருக்கிறது என்று கேள்வி. தோட்டத்து ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசவேண்டும். நின்றேன். வெயில் முதுகில் ஏறும்வரைக்கும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அப்புறம் தலையைத் தூக்காமல், அது கம்பெனிப் புத்தகம், துரை உத்தரவில்லாமல் எடுக்க முடியாது, துரை கோலாலம்பூரிலிருந்து நாளை மறுநாள் வந்ததும் பார்க்கலாம் என்றார்.

நாளை மறுநாளாம். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆறு வருஷத்துக்கு முன்னால் இவருடைய தாயார் இதே தோட்டத்துக் கிராணி வீட்டில் கிடந்தபோது, விளக்கு வைத்த பிறகு ஆள் அனுப்பி, பின்கதவு வழியாக அக்காவைக் கூட்டிப்போனார். கூலிக்காரி வந்து பாடினாள் என்று வெளியே தெரிந்தால் கௌரவம் என்னாவது? லாந்தர் பிடித்துக்கொண்டு கூடப்போனவள் நான்.

"ஐயா, உங்கம்மா பேரு தெய்வானைப்பிள்ளை. உங்க ஊட்டுக் கிணத்தடியில மாதுளை மரம். அக்கா கேட்டப்ப நீங்கதான் அழுதுகிட்டே சொன்னீங்க. அதுக்கு எந்தத் துரை உத்தரவு குடுத்தாரு?"

உள்ளே இருந்த இரண்டு சின்னக் கிராணிகளும் பேனாவை நிறுத்திவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது. இன்றோடு என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

புத்தகத்தின் ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. இங்கிலீசில் எழுதியிருந்ததை விரல் வைத்துத் தேடிக்கொண்டே போனார். கடைசியில் ஓர் இடத்தில் விரல் நின்றது. வள்ளியம்மா, பெண், வயது பத்தொன்பது, தகப்பன் பெரியண்ணன் என்று படித்தார். தாய் பேர் என்ன என்று கேட்டேன்.

"தாய்க்கு இதில இடம் இல்லைப் பிள்ளை. தகப்பன் பேர் மட்டுந்தான் எழுதுறது."

பத்து மாசம் சுமந்தவளுக்கு ஒரு வரி இல்லாத புத்தகம். துரை சீமையிலிருந்து இறக்கிய அந்த நாய்க்குக்கூட அதன் தாய் என்ன சாதி என்று காகிதத்தில் எழுதி வந்தது, இந்தக் கிராணியே அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எங்களைப் பெற்றவர்களை எழுத மட்டும் மை இல்லை. புத்தகத்தைப் பிடுங்கி ஆற்றில் வீசலாம் போலிருந்தது. இனி இங்கே நின்று பயனில்லை என்று திரும்பி நடந்தேன். எடுத்தது எடுத்தாகிவிட்டதே என்று அவர் மிச்சத்தையும் படித்தார்.

"ஊர் கொழுஞ்சிப்பட்டி. துறையூர் தாலூகா, திருச்சி ஜில்லா."

என் கால் நின்றுவிட்டது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தார். கொழுஞ்சிப்பட்டிதான்.

பதினொரு வருஷமாக என் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற ஊர். நான் புளுகு என்று சொன்ன ஊர். என் புருஷனுக்கு ஒன்றும் இல்லை என்று ஆனதும் அவள் எதையும் இட்டுக்கட்டவில்லை, தன்னுடையதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தன் ஊர் ஏரி, தன் வாசல் இலுப்பை, தன் வீட்டு ஒற்றைக்கொம்பு எருமை. இந்த மனுஷன் அனாதையாகப் போகக்கூடாது என்று தன்னைப் பெற்றவளையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஒருவருக்குப் பாடியதை இன்னொருவருக்குப் பாடாதவள், தனக்கென்று இருந்த ஒரே பாட்டை அன்றைக்கே அவருக்குப் பாடி முடித்துவிட்டாள். அதை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரி நான், ஊர் கூட்டி அவளைப் புளுகுணி என்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டாலும் தகும்.

ஆபீசிலிருந்து லயம் வரைக்கும் ஓடினேன். வழியில் யாரோ என்ன ஆச்சு, போய்ட்டாளா என்று கேட்டார்கள். பதில் சொல்ல நிற்கவில்லை.

கதவை விரியத் திறந்து போட்டேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும். பாயில் உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஏரி மறுகால் போகும் என்று ஆரம்பித்தேன். அந்த முதல் அடிக்கே அனத்தல் நின்றது. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. மகனே என்று இருந்த இடத்தில் மகளே என்று மாற்றினேன். வேறு ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

குஞ்சரம் பெத்த கண்ணே கூப்பிடுறா உங்காத்தா
கருக்கல்ல தடுமாறாம கைநீட்டிப் போ மகளே

"அக்கா, நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றேன். மறுபடி பாட ஆரம்பித்தேன். மூன்றாம் தரம் குஞ்சரம் என்ற பேர் வரும்போது அவள் கை அசைந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரிந்து, கை மல்லாந்து என் முழங்கால் மேல் கிடந்தது. நான் நிறுத்தவில்லை. அன்று முழுக்கப் பாடினேன். மறுநாள் பிரட்டுக்குப் போகவில்லை. என் தகரக் குரலைக் கேட்டு எதிர் லயத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள், ஆனால் நடுவில் இருந்த பத்தடி மண்ணைத் தாண்டி ஒருவரும் வரவில்லை. ஐந்தாம் நாள் உச்சிவேளையில் மூச்சு நின்றது. சிரித்த முகமாகப் போனாள் என்று பொய் சொல்ல மாட்டேன், வாய் கோணித்தான் இருந்தது. கை மட்டும் விரிந்தே இருந்தது.

அவள் போய்விட்டாள் என்று தெரிந்ததுதான் தாமதம், பத்தடி மண்ணை எல்லாரும் தாண்டிவிட்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு, தலையை விரித்துக்கொண்டு, தங்கமணி எல்லாருக்கும் முன்னால். இனி ஒட்டிக்கொள்ளப் பயமில்லை அல்லவா? வாசலில் குறுக்கே நின்றேன். திட்டின திட்டை இங்கே சொல்ல முடியாது. கடைசியில் ஒன்று சொன்னேன். உள்ளே கிடப்பவளுடைய அம்மா பேர் தெரிந்தவள் மட்டும் உள்ளே வரலாம்.

அழுகை சட்டென்று நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நானே சொன்னேன். ஒவ்வொருத்தியையும் குஞ்சரம் என்று வாய்விட்டுச் சொல்லவைத்துத்தான் உள்ளே விட்டேன்.

மூன்று மாசம் ஆயிற்று. தங்கமணியின் மகளுக்கு ஆண்குழந்தை பிறந்தது, இரண்டு பேரும் சுகம். நேற்றுச் சமைத்துக்கொண்டிருக்கும்போது கொல்லைப்பக்கம் நிழல் தட்டியது. தங்கமணி. அவள் அப்பா கன்னையா, சாலாக் செலாத்தானிலிருந்து மகளோடு கடைசிக் காலத்தைக் கழிக்க வந்தவர், நாலு நாளாக அன்ன ஆகாரம் இல்லாமல் கையை மூடிக்கொண்டு அனத்துகிறாராம். நான் வந்து பாடவேண்டுமாம். வீட்டில் பச்சைக்குழந்தை இருப்பதால் பின்பக்கமாக வந்துவிட்டால் நல்லதாம்.

கையில் இருந்த அகப்பையால் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் கன்னையாப் பெரியவர் என்ன பாவம் செய்தார்? அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்தேன்.

"முன்வாசல் வழியாத்தான் வருவேன். ஒம் மக புள்ளையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கணும், மூடாம. அதுக்கும் முன்னால நீ என்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

என்ன கேட்கணும் என்றாள். அவளுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் தெரியவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் தலை குனிந்தது.

"சீதா, ஒங்கம்மா பேரு என்ன?"

சொன்னேன். அவளையும் இரண்டு தரம் சொல்லவைத்து, சரியாகச் சொல்கிறாளா என்று பார்த்த பிறகுதான் வாசல்படி இறங்கினேன்.